பல்லு எக்ஸ்ரேல கிட்னி தெரியுது, பாக்கத்தான் ஆள் இல்ல

"பல்லு தானே டாக்டர், ஆடுது, புடுங்கிட்டா சரியாப் போயிடும்." வில்லியனூர், பாகூர் பக்கத்து ஓ.பி.ல இதைக் கேக்காத வாரம் கிடையாது. நோயாளி சொன்னா பரவாயில்ல. படிச்ச நாங்களும், டாக்டர்களும் பல் டாக்டர்களும், இதையே நம்பிக்கிட்டு இருக்கறதுதான் எனக்குக் கோவம். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. வீட்டுல சுகர், பிரஷர் இருக்கறவங்க, வெயில்ல வேலை செய்யறவங்க யாராவது இருந்தா அவசியம் படிங்க.

மொத்த வாயையும் ஒரே படமா எடுக்கற எக்ஸ்ரே ஒண்ணு இருக்கு. ஓ.பி.ஜி.ன்னு சொல்வாங்க. நிக்க வச்சு, தலையைச் சுத்தி மெஷின் ஒரு ரவுண்டு வரும். அந்தப் படத்துல ஒவ்வொரு பல் வேரையும் சுத்தி பென்சில்ல இழுத்த மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு தெரியணும். பல் உக்காந்திருக்கற குழியோட சுவர் அது. லாமினா டூரான்னு பேரு.

கிட்னி ரொம்ப நாளா கெட்டுப் போன சிலருக்கு இந்தக் கோடு அழிஞ்சு போயிருக்கும். கீழ்த்தாடையோட அடி விளிம்பு கெட்டியா வெள்ளையா தெரியறதுக்குப் பதிலா மெலிஞ்சு, உள்பக்கம் அரிச்ச மாதிரி இருக்கும். எலும்புக்குள்ள வலை மாதிரி தெரிய வேண்டியது மங்கி, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரே புகையா இருக்கும்.

ஏன்? கிட்னி மூத்திரம் மட்டும் பிரிக்கல. ரத்தத்துல சேர்ற பாஸ்பேட்டை வெளிய தள்றது அதுதான். வைட்டமின் டி-யை உடம்புக்குப் பயன்படற வடிவமா மாத்தறதும் அதுதான். கிட்னி சுருங்கினா ரெண்டும் நின்னு போகும். பாஸ்பேட் ஏறும், கால்சியம் இறங்கும். கழுத்துல தைராய்டுக்குப் பின்னால பருப்பு சைஸுல நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கு. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா எலும்புல இருந்து எடுத்துக் குடுக்கறதுதான் அதுக்குத் தெரிஞ்ச வழி. வருஷக்கணக்கா அப்படியே எடுத்துக்கிட்டு இருந்தா என்ன மிஞ்சும்? கந்து வட்டிக்காரன் வீட்டுச் சாமானை ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போற கதைதான். முதுகெலும்பு, கை விரல் எலும்புன்னு எல்லா இடத்துலயும் இது நடக்குது. ஆனா கூலி வேலைக்குப் போற ஒருத்தர் அதுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்க மாட்டார். பல் வலிச்சா எடுப்பார்.

சரி, இதை ஏன் குறிப்பா நம்ம கொம்யூன் மக்கள்கிட்ட சொல்றேன்?

2020-ல ஜிப்மர் மருத்துவர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. சுகர் இல்ல, பழைய பிரஷர் இல்ல, கல் இல்ல, ஆனா கிட்னி போயிடுச்சு. இப்படிக் காரணம் பிடிபடாத கிட்னி நோய் புதுச்சேரியிலயும் சுத்தியிருக்கற தமிழ்நாட்டுப் பகுதியிலயும் நிறைய இருக்குன்னு காட்டி, அதுக்குத் 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி'ன்னு பேரே வச்சாங்க. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம், இலங்கையில அனுராதபுரமும் பொலன்னறுவையும் இருக்கற வட மத்திய மாகாணம், எல் சல்வடோர், நிகரகுவா கரும்புக் காடுகள். இந்த வரிசையில நம்ம ஊரும் சேந்துடுச்சு. எங்கயும் மாட்டறது பெரும்பாலும் வெயில்ல உழைக்கற ஏழை விவசாயிங்களும் கூலி ஆளுங்களும். வெயிலா, தண்ணி குடிக்காம உழைக்கறதா, பூச்சி மருந்தா, கிணத்துத் தண்ணியான்னு சண்டை இன்னும் முடியல. அதுக்குள்ள இன்னைக்கு நான் போகல.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம். சத்தமே போடாது. ஆரம்பத்துல கால் வீங்காது. மூத்திரத்துல புரதமும் பெருசா போகாது. கேம்ப்ல மூத்திரத்துல ஸ்ட்ரிப்பை முக்கிப் பாத்துட்டு "நார்மல்மா, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிடலாம். ரத்தத்துல கிரியாட்டினின் பாத்தாத்தான் மாட்டும். அதுகூட கிட்னியோட வேலைத்திறன்ல பாதி போற வரைக்கும் நார்மல் எல்லைக்குள்ளயே நிக்கலாம்.

இப்ப பாகூர் பக்கம் நடவுக்குப் போற ஒரு அக்காவை நினைச்சுப் பாருங்க. பல் ஆடுது, ஈறு வீங்குது. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. அதனால மெடிக்கலுக்குப் போய் "பல்லு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடுப்பா"ன்னு கேப்பாங்க. அந்தச் செட்டுல டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ கண்டிப்பா இருக்கும். ரெண்டு வேளை போட்டா வலி அடங்கும். மறுநாள் அதே மாத்திரையை முழுங்கிட்டு மறுபடி வெயில்ல இறங்குவாங்க.

உடம்புல தண்ணி வத்தும்போது, கிட்னிக்குள்ள ரத்த ஓட்டம் குறையாம காப்பாத்தறது ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள். இந்த வலி மாத்திரைங்க அதைத்தான் தடுக்கும். வெயில், வியர்வை, வலி மாத்திரை. மூணும் சேந்தா நல்ல கிட்னியே தடுமாறும். ஏற்கெனவே பாதி போன கிட்னி என்ன பண்ணும்? டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத மருந்து இது. நம்ம ஊர்ல மிட்டாய் மாதிரி கிடைக்குது.

இன்னொரு கூட்டம் இருக்கு. "பல்லு ஆடுதா? கால்சியம் குறைச்சல், இந்த டப்பாவை மூணு மாசம் சாப்பிடுங்க." அடேய், கிட்னி கெட்டவங்களுக்குக் கணக்கில்லாம கால்சியம் குடுத்தா அது ரத்தக் குழாய்ல போய் படியும். கிட்னி நோயாளிகள்ல நிறைய பேர் சாகறது இதயத்தால, ரத்தக் குழாயால. அந்தப் படிவுகூட சில சமயம் அதே ஓ.பி.ஜி.ல கழுத்து ஓரமா வெள்ளைப் பொட்டு மாதிரி தெரியும். அதையும் யாரும் பாக்கறதில்ல.

ஒரு வழியா அந்த அக்கா பல் டாக்டர்கிட்ட வந்து எக்ஸ்ரே எடுக்கறாங்கன்னு வைங்க. பல் டாக்டர் நண்பர்களே, கோச்சுக்காதீங்க. படத்துல எதைப் பாக்கறீங்க? வலிக்கற அந்த ஒரு பல்லை. சொத்தையா, சீழா, புடுங்கணுமா, வேர் சிகிச்சையா, அவ்வளவுதான். மத்த தாடை முழுக்க அதே படத்துல இருக்கு. அதுக்கும் சேத்துத்தான் அந்த ஏழை காசு குடுத்திருக்காங்க.

எங்க பக்கம் யோக்கியமான்னா அதுவும் இல்ல. டயாலிசிஸ் நோயாளிக்கு பொட்டாசியம் பாப்போம், ஹீமோகுளோபின் பாப்போம். "வாயைத் திறங்க"ன்னு சொல்றவங்க எத்தனை பேர்? மாற்று கிட்னி வைக்கப் போறப்பதான் பல் டாக்டர் சான்றிதழ் வேணும்னு ஞாபகம் வரும்.

ஆபத்து எங்கன்னா, பழுப்புக் கட்டின்னு ஒண்ணு இருக்கு. பாராதைராய்டு ஓவரா வேலை செஞ்சு எலும்பை அரிச்ச இடத்துல உருவாகும். பழைய ரத்தம் தேங்கி பழுப்பா இருக்கறதால அந்தப் பேர். புத்துநோய் கிடையாது. ஆனா எக்ஸ்ரேல தாடைக்குள்ள கருப்பா ஒரு குழி தெரியும், பாத்தா சாதாரண நீர்க்கட்டி மாதிரியே இருக்கும். சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாகூட வேற ஒரு தாடைக் கட்டியோட குழப்பும். கால்சியம், பாஸ்பேட், பி.டி.எச்., கிரியாட்டினின், இந்த நாலையும் ரத்தத்துல பாக்காம தாடையை அறுத்தா, கட்டி போகும், காரணம் உள்ளயே இருக்கும். பாராதைராய்டைக் கட்டுப்படுத்தினா கத்தியே இல்லாம சுருங்கற கட்டிகளும் இருக்கு.

உடனே "பல்லு எக்ஸ்ரே எடுத்தா கிட்னி நோய் கண்டுபிடிக்கலாம்"னு வாட்ஸ்அப்ல சுத்த விட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும். கிட்னிக்காக யாரும் ஓ.பி.ஜி. எடுக்க வேண்டாம். தாடை நல்லா இருக்குன்னா கிட்னி நல்லா இருக்குன்னு அர்த்தமும் இல்ல. எலும்பு மாற்றம் பெரும்பாலும் தாமதமா வர்ற அடையாளம். ஒரு பல்லைச் சுத்தி மட்டும் கோடு அழிஞ்சிருந்தா அது அந்தப் பல்லோட சீழா இருக்கும். எல்லாப் பல்லைச் சுத்தியும் அழிஞ்சிருந்தாத்தான் உடம்பைச் சந்தேகப்படணும். அப்பவும் கிட்னிதான்னு முடிவு கட்ட முடியாது, எலும்பைத் தாக்கற வேற நோய்களும் உண்டு.

"தாமதமா வர்ற அடையாளத்தைப் பாத்து என்ன பிரயோஜனம்?"னு ஒரு சீனியர் என்கிட்ட கேட்டார். சார், நம்ம கிராமத்து ஆளுங்க நம்மகிட்ட முதல் முறை வர்றதே தாமதமாத்தான். மூச்சு வாங்கி எமர்ஜென்சில படுத்து, கழுத்துல டியூப் போட்டு, அன்னைக்குத்தான் கிட்னி நோயே தெரியுது. அதுக்கு ஆறு மாசம் முன்னாடி எடுத்த பல்லு எக்ஸ்ரே வீட்டுப் பரண்ல கிடந்தா, அந்த ஆறு மாசத்துக்கு யார் பதில் சொல்றது?

வசதி இல்லன்னு சொல்ல முடியாது. கோரிமேட்டுல ஜிப்மரும் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே ஏரியா. பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்துல மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகம். புது மெஷின் தேவையில்ல. ஓ.பி.ஜி. ரிப்போர்ட்ல தாடை எலும்பைப் பத்தி ஒரு வரி எழுதணும். சந்தேகம்னா கிரியாட்டினினுக்கு ஒரு சீட்டு குடுக்கணும். பல் ஓ.பி.ல விவசாய வேலை செய்யறவங்க யார் வந்தாலும் பி.பி. பாத்து, "வலி மாத்திரை எத்தனை நாளா போடறீங்க?"ன்னு கேக்கணும். கேக்க அரை நிமிஷம்கூட ஆகாது.

ஏற்கெனவே டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு: பல் புடுங்கணும்னா டயாலிசிஸ் அன்னைக்கு வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க அன்னைக்கு ஹெப்பாரின் போட்டிருப்பாங்க. மறுநாள் போங்க, அதுவும் உங்க கிட்னி டாக்டர்கிட்ட சொல்லிட்டு. ஃபிஸ்டுலா போட்ட கையில பி.பி. பாக்க விடாதீங்க. வலிக்கு பாரசிட்டமால் போதுமான்னு கேளுங்க. ஆன்டிபயாடிக் எழுதினா "கிட்னிக்கு ஏத்த அளவா?"ன்னும் கேளுங்க. டயாலிசிஸ் நோட்டு வச்சிருக்கற அதே பையில பழைய பல்லு எக்ஸ்ரேவையும் போட்டு எடுத்துட்டு வாங்க, எத்தனை வருஷம் பழசா இருந்தாலும் சரி.