இன்ஜினில் ‘கடகட’ சத்தமா? பிரிப்பதற்கு முன் காது கொடுங்கள்!

அதிகாலையில் ஓசூர் சிப்காட் பக்கம் நின்றால் தெரியும். சூளகிரி, பாகலூர், ராயக்கோட்டை சாலைகளிலிருந்து முதல் ஷிப்டுக்கு வந்து சேரும் பைக்குகளில் பல, பதினைந்து வயதைத் தாண்டியவை. அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, கடைசியில் தம்பி கைக்கு வந்தவை. அந்த வண்டி நின்றால் அன்றைய சம்பளமும் நிற்கும்.

அப்படிப்பட்ட ஒரு பழைய 100 சிசி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வருகிறார் ஓர் இளைஞர்.

“அண்ணா, இன்ஜின் போச்சுன்னு சொல்றாங்க. போர் பண்ணி பிஸ்டன் மாத்தணுமாம். அவ்வளவு பணம் இப்ப கையில இல்லண்ணா.”

“யாரு சொன்னது? பிரிச்சுப் பார்த்தாங்களா?”

“இல்லண்ணா. சத்தத்தைக் கேட்டே சொல்லிட்டாங்க.”

“சத்தம் வருதுங்கறது எல்லாருக்கும் கேட்கும் தம்பி. எங்கிருந்து வருதுன்னு கேட்கணும்” என்றபடி நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார் மெக்கானிக். நுனியை இன்ஜின் மீது வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொள்கிறார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போலத்தான். ஹெட், சிலிண்டரின் இடதுபுறம், கிளட்ச் கவர் என ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டால், சத்தம் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

டைமிங் செயின் என்ன செய்கிறது?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கீழே சுற்றும் கிராங்க்கையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது ஒரு சின்னச் செயின். பட்டறை மொழியில் டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். இந்தக் கணக்கு பிசகக்கூடாது.

எல்லா பைக்கிலும் இது கிடையாது. ஓசூரில் 1980-ல் தயாராகத் தொடங்கிய டி.வி.எஸ். 50, பிறகு வந்த ஆர்.எக்ஸ். 100, சாமுராய் எல்லாம் டூ ஸ்ட்ரோக். வால்வும் இல்லை, டைமிங் செயினும் இல்லை. பழைய புல்லட்டில் வால்வு உண்டு, ஆனால் அதை இயக்குவது புஷ் ராடு. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்த பிறகுதான் சாதாரண வீடுகளுக்குள் இந்தச் செயின் நுழைந்தது. ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 2001-ல் வந்த விக்டரும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஆகவே, டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு யாராவது ‘டைமிங் செயின் மாத்தணும்’ என்றால், கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள்!

செயினில் எண்பது, தொண்ணூறு கண்ணிகள். ஒவ்வொன்றிலும் பின் முடி அளவு தேய்ந்தாலும், மொத்தமாகச் சேரும்போது செயின் தொளதொளக்கும். அந்தத் தொய்வை இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். சில வண்டிகளில் ஸ்பிரிங் தானாகவே தள்ளும். சில பழைய வண்டிகளில் லாக் நட்டைத் தளர்த்தி நாமே சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிங் களைத்தாலோ, டென்ஷனர் சிக்கிக்கொண்டாலோ, கைடு ரப்பர் தேய்ந்தாலோ செயின் ஆடும். ஆடினால் சுவரில் அடிக்கும்.

எந்தச் சத்தம், எந்தக் கோளாறு?

* ‘டிக் டிக்’ என்று ஹெட்டிலிருந்து, தையல் மெஷின் போல ஒரே சீராக: பெரும்பாலும் டேப்பட் இடைவெளி. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

* ‘சரசர, கடகட’ என்று சிலிண்டர் ஓரத்திலிருந்து: டைமிங் செயின். பல 100 சிசி வண்டிகளில் இது இடதுபுறம் இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் ஐட்லிங்கிலும் அதிகம் கேட்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகி சட்டென்று விட்டால், வேகம் இறங்கும்போது செயின் உதறும்.

* கிளட்ச் பிடித்ததும் குறையும் சத்தம்: கிளட்ச் பக்கம் பாருங்கள். டைமிங் செயினைத் தொட வேண்டாம்.

* குளிரில் மந்தமாகத் தட்டி, சூடானதும் அடங்கும் சத்தம்: பிஸ்டன் தேய்மானமாக இருக்கலாம். புகையும் ஆயில் குறைவும் சேர்ந்தால் சந்தேகம் பலப்படும்.

* மேட்டில் லோடு ஏறும்போது அடியிலிருந்து ‘டொக் டொக்’: கனெக்டிங் ராடு பேரிங். இதை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். வண்டியை உடனே நிறுத்துவது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சைலன்சர் கவர், செயின் கவர், இன்ஜின் மவுன்டிங் போல்ட் ஆகியவற்றைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு லூஸ் போல்ட்டுக்காக இன்ஜினைப் பிரித்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

முதல் வேலை ஆயில்

நம் இளைஞரின் வண்டியில் மெக்கானிக் முதலில் கழற்றியது ஆயில் ஸ்டிக்கைத்தான். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு துளி.

“கடைசியா எப்ப ஆயில் மாத்தின தம்பி?”

பதில் இல்லை.

புது ஆயில் ஊற்றியதும் சத்தம் பாதி குறைந்தது. மீதி, இடதுபுறத்தில் நின்றது. பிரித்துப் பார்த்தால் கைடு ரோலரில் செயின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது, ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கிறது. செயின், கைடு, ரோலர், ஸ்பிரிங் எல்லாம் செட்டாக மாற்றப்பட்டன. பழைய பல்சக்கரத்தில் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுவதுதான் சரி. பிஸ்டனுக்கும் போருக்கும் வேலையே வரவில்லை.

செய்யக் கூடாதவை

சத்தத்தோடே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினால் டைமிங் மாறும். ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும், இழுவை குறையும். நிறைய தாண்டினால் சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். செயின் உரசி உதிர்க்கும் அலுமினியத் தூள் ஆயிலோடு கலந்து மற்ற பாகங்களையும் தின்னும்.

டென்ஷனரைக் கழற்றிய நிலையில் கிக்கரை மிதிக்காதீர்கள். அந்த ஒரு மிதியிலேயே செயின் பல் தாண்டலாம். கையால் சரிசெய்யும் டென்ஷனரை, சத்தம் போகட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். சத்தம் அன்றைக்குப் போகும், கைடு சீக்கிரம் போகும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து ஓட்டுவதும் இதே ரகம்தான்.

எல்லை தாண்டி வண்டி வாங்குகிறீர்களா?

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. விலை குறைவு என்று அந்தப் பக்கம் போய் கே.ஏ. வண்டி வாங்குபவர்கள் இங்கே ஏராளம். வேறு மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுகள் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பேப்பரைப் பார்ப்பதற்கு முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். செயின் சத்தம் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அதை மறைக்க, ஆள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைப்பதும், கெட்டியான ஆயில் ஊற்றி வைப்பதும் பழைய தந்திரங்கள். கை வைத்ததும் சுட்டால் பேரம் பேச வேண்டாம். “நாளைக்குக் காலையில வர்றேங்க, நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.