மாத்திரை எப்படி சிரப் ஆகிறது? 1937 சொல்லும் பாடம்!

மாத்திரை விழுங்க அடம்பிடிக்கும் குழந்தைக்கு அதே மருந்தை சிரப்பாகக் கொடுக்கிறோம். ஆனால், பல மருந்துகள் வெறும் தண்ணீரில் தேவையான அளவு கரைவதில்லை. பாராசிட்டமாலும் அந்த ரகம்தான். தண்ணீரோடு நன்றாகக் கலக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற துணைப்பொருளைச் சேர்த்தால், மருந்து கூடுதலாகக் கரையும்.

துணைப்பொருளே தவறாகிப்போனால்? 1937-ல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. தொண்டைத் தொற்றுக்கான சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க, ஒரு நிறுவனம் டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியது. ராஸ்பெர்ரி சுவையும் சேர்த்தது. சுவை, மணம், நிறம் எல்லாம் பார்த்தார்கள். நச்சா என்று மட்டும் பார்க்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். பாதுகாப்பானது என்று காட்டிய பிறகே புதிய மருந்தை விற்க வேண்டும் என்ற சட்டம் 1938-ல் வந்தது.

சில சிரப்களில் மருந்து கரைந்திருக்காது, நுண்துகள்களாக மிதக்கும். அவை அடியில் தங்கிவிட்டால், முதல் வேளைக்கு மருந்து குறைவாகவும் கடைசி வேளைக்கு அதிகமாகவும் போகும். பாட்டிலில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று எழுதியிருப்பது அதற்காகத்தான். குலுக்காமல் ஊற்றாதீர்கள்!