இந்த வார வாசகர்: காதால் படிக்கும் ஆச்சி!

சென்னை தாம்பரத்தில் மகன் வீட்டில் வசிக்கும் அந்த வாசகிக்கு வயது 66. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. "பேரு மட்டும் வேண்டாமே" என்று சிரிக்கிறார்.

மாதம் இரண்டு நாவலாவது படித்துவிடுவது அவர் வழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் எழுத்துகள் மங்க ஆரம்பித்தன. கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், சரியாகவில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார் மருத்துவர். சிகிச்சைக்குப் பிறகு பாதிப்பு கூடாமல் நிற்கிறது. ஆனால், பொடி எழுத்துப் புத்தகங்களை மூடி வைக்க வேண்டியதாகிவிட்டது.

"சமையல்கட்டுல உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எதுன்னு தடவிக் கண்டுபிடிச்சிடலாம். புத்தகத்தைத் தடவி என்ன செய்ய?" என்கிறார்.

கேட்டு முடித்தது: பொன்னியின் செல்வன்

மகன்தான் போனில் ஆடியோ புத்தக ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். முதலில் கேட்டது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால், இந்த நாவல் பல குரல்களில் கிடைக்கிறது. நான்கைந்து குரல்களைக் கேட்டுப் பார்த்து, நிதானமாக வாசிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக வந்த கதை. ஐந்து பாகம். ஒவ்வொரு அத்தியாயமும் 'அடுத்து என்ன?' என்று கேட்க வைத்துத்தான் முடியும். "முருங்கைக்கீரை ஆயுறதுக்குள்ள ஒரு அத்தியாயம் முடிஞ்சிரும். அடுத்ததைக் கேக்கணும்னே இன்னொரு கட்டு கீரை வாங்கினேன்" என்கிறார்.

கண்ணால் படித்தது: வெக்கை

அடுத்து பூமணியின் 'வெக்கை'. 1982-ல் வெளியான நாவல். 'அசுரன்' படத்துக்கு மூலக்கதை. கொலை செய்துவிட்டு, தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் 15 வயதுச் சிறுவனின் கதை. சின்ன நாவல் என்பதால், மின்நூலாக வாங்கி, போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படித்தார். ஒரு வரிக்கு மூன்று, நான்கு வார்த்தைதான் தெரியும். ஒரு நாளைக்கு 20 நிமிடம். அதற்கு மேல் கண் வலிக்கும். முடிக்க ஒன்றரை மாதம் ஆனது.

"அந்தப் பையனும் அப்பனும் நடந்த வேகத்துலதான் நானும் படிச்சேன். வேகமாப் படிச்சிருந்தா அந்தக் காட்டைப் பாத்திருக்க மாட்டேன்."

கேட்டதெல்லாம் படித்ததாகுமா?

மாதம் ஒருமுறை தோழிகள் கூடிப் புத்தகம் பேசுவார்கள். அங்கே 'பொன்னியின் செல்வன்' பற்றி அவர் உற்சாகமாகச் சொன்னபோது, ஒரு தோழி விளையாட்டாகக் கேட்டார்: "கேட்டதெல்லாம் படிச்ச கணக்குல வருமா டீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால், அடுத்த இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணோடு சேர்ந்து வாசகி என்ற பெயரும் போய்விட்டது என்றே நினைத்தார்.

அவரை மறுபடி அங்கே போக வைத்தது மாமியாரின் நினைவு. கல்யாணமாகி வந்த புதிதில், அந்த வீட்டில் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்த பைண்டுகள் நிறைய இருந்தன. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்தியான வேளைகளில் மருமகள் சத்தமாகப் படிக்க, அவர் பருத்தி கொட்டை எடுத்தபடி கேட்பார். ஒரு வாரம் கழித்துக்கூட, எந்த அத்தியாயத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று பிசகாமல் சொல்வார். மருமகள் அலுப்பில் ஒரு பத்தியைத் தாண்டினால், "நடுவுல என்னத்தையோ விட்டுட்டியே தாயீ" என்று பிடித்துவிடுவார்.

"எங்க அத்தைக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாதுன்னு யார் சொல்ல முடியும்? என்னைவிட நல்ல வாசகி அவங்க" என்றாராம் தோழிகளிடம். கேள்வி கேட்ட தோழிதான் இப்போது அதே ஆப்பை முதலில் திறக்கிறார்.

இப்போது: கோபல்ல கிராமம்

இப்போது போய்க்கொண்டிருப்பது கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). இதற்கு ஆப் வேண்டாம் என்றுவிட்டார். கரிசல் பேச்சைத் தன் வீட்டுக் குரலில் கேட்க ஆசை. எனவே, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தி தினமும் ராத்திரி ஐந்து பக்கம் வாசிக்கிறாள்.

முதல் வாரம் பேத்திக்கு நாக்கு தடுமாறியது. பள்ளியில் அவளுக்குத் தமிழ் இரண்டாம் மொழி. கரிசல் சொல் வந்தால் நிறுத்துவாள். ஆச்சி அர்த்தம் சொல்வார். அதிலிருந்து ஊர்க் கதை கிளம்பும். சில ராத்திரி ஐந்து பக்கம் இரண்டு பக்கமாகிவிடும். நாவலிலும் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள், தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்கிறார். "இந்த ஆச்சியும் உங்கள மாதிரியே நிறுத்த மாட்டாங்க போல" என்பது பேத்தியின் விமர்சனம்.

போன வாரம் அவளுக்குத் தூக்கம் வர, ஒரு பத்தியைத் தாண்டினாள்.

"நடுவுல என்னத்தையோ விட்டுட்டியே தாயீ!"

ஆச்சியின் டிப்ஸ்

* முதலில் ஏற்கெனவே படித்த நாவலைக் கேளுங்கள். காது பழகும்.
* வாங்கும் முன் மாதிரிப் பகுதியைக் கேளுங்கள். குரல் பிடிக்காவிட்டால் கதையும் பிடிக்காது.
* முழு நாவலா, சுருக்கமா என்று பாருங்கள்.
* பாத்திரங்களின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.
* படுக்கையில் கேட்டால் டைமர் வையுங்கள்.
* சர்க்கரை இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க!"