பழி சிற்பிக்கு, புகழ் அரசனுக்கா?

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற பக்கத்தில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திர பல்லவன் குடைவித்த கோயில் அங்கே உண்டு. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல், மும்மூர்த்திகளுக்கு விசித்திரசித்தன் செய்வித்த கோயில் இது என்று வடமொழிக் கல்வெட்டு பறைசாற்றுகிறது.

அதைப் பார்த்துவிட்டு வரும் நம் கலாரசிகர்கள் இரண்டு தீர்ப்புகளோடு திரும்புகிறார்கள். “மன்னனின் கற்பனையே கற்பனை!” என்பது ஒன்று. “வாயிற்காவலர் உருவங்களில் கை பழகவில்லை; மாமல்லபுரத்து நயம் எங்கே, இது எங்கே?” என்பது மற்றொன்று. பாறை ஒன்று, வேலை ஒன்று. புகழ் மட்டும் அரசனுக்கு, குறை மட்டும் சிற்பிக்கு! இது என்ன நியாயம், ஐயா?

கை பழகவில்லையாம்! எங்கே போய்ப் பழகியிருக்க வேண்டும்? தொண்டை நாட்டுக் குடைவரைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அதற்குமுன் கோயில்கள் எவற்றால் எழுந்தன என்பதை அந்தக் கல்வெட்டின் பெருமையே காட்டிக்கொடுத்து விடுகிறது. தூண்களைப் பாருங்கள்: மேலும் கீழும் சதுரம், நடுவே எட்டுப் பட்டை. மரத்தின் விளிம்பைச் சீவிப் பழகிய தச்சன் கையைத்தான் நான் அதில் காண்கிறேன். ஆனால் மரம் போலவா கருங்கல்? உளி ஒருமுறை தப்பினால் தப்பியதுதான். ஒட்டுப் போட வழியில்லை.

அமெரிக்காவிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. கிளார்க் மில்ஸ் சுவருக்குச் சாந்து பூசிப் பிழைத்தவர். சிற்பப் பள்ளியில் படித்தவரல்ல. வார்ப்பு வேலையையும் தாமே கற்று, பின்னங்கால்களில் மட்டும் நிற்கும் வெண்கலக் குதிரைமேல் ஆண்ட்ரூ ஜாக்சனை அமர்த்தி, 1853-இல் வாஷிங்டனில் நிறுத்தினார். படித்த ரசிகர்கள் சிரித்தார்கள். குதிரை இன்னும் விழவில்லை.

ஆனால் மில்ஸுக்கு ஏச்சோடு பெயரும் கிடைத்தது. அவரிடம் அடிமையாயிருந்த பிலிப் ரீடின் பெயர்கூடத் தப்பியது. அந்நாட்டுக் காங்கிரஸ் மாளிகையின் உச்சியில் 1863-இல் ஏற்றிய ‘சுதந்திரம்’ என்ற சிலையின் வார்ப்புக்காக (அடிமை வார்த்த சுதந்திரம்!) ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உழைத்தது கூலிக் கணக்கில் இருக்கிறது. மண்டகப்பட்டில் ஒரு கூலிக் கணக்குகூட இல்லை.

திண்டிவனம் வட்டத்துக் கீழ்மாவிலங்கையிலும் இதே கதைதான். பாறையில் திருமால் நிற்கிறார். செதுக்கியவன் பெயர் இல்லை. “இடுப்பு சற்றுத் தடித்துவிட்டது” என்றார் உடன் வந்த நண்பர். உளியைக் கையில் பிடித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் திண்டிவனம் பஸ் வந்துவிட்டது.