ஓதும் பள்ளியும் ஓட்டுப் பெட்டியும்



1888ஆம் ஆண்டில், ஏறத்தாழ இரண்டு மாத இடைவெளியில் இரு குழந்தைகள் பிறந்தன. செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த குழந்தை, நான் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் திருத்தணியில், வசதி குறைந்த ஒரு தெலுங்கு அந்தணக் குடும்பத்தில் பிறந்தது. நவம்பர் 11ஆம் நாள் பிறந்த குழந்தை, நம் உள்ளங்கள் ஏங்கும் மக்கா நகரில் பிறந்தது. முன்னவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். பின்னவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். முன்னவரின் பிறந்த நாள் 1962 முதல் ஆசிரியர் தினமாகவும், பின்னவரின் பிறந்த நாள் 2008 முதல் தேசியக் கல்வி தினமாகவும் கொண்டாடப்படுகின்றன.

இவ்விருவரும் கற்ற விதம் சிந்தனைக்குரியது. இராதாகிருஷ்ணன் திருப்பதியிலும் வேலூரிலும் பின்னர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும், அதாவது பெரும்பாலும் பாதிரிமார் நடத்திய கூடங்களில், படித்தவர். தத்துவத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் பாட நூல்களை இலவசமாகக் கொடுத்தார் என்பதே. வகுப்பறையில் தம் சமயத்தின் மீது தொடுக்கப்பட்ட கண்டனங்கள்தாம் அச்சமயத்தை ஆராயத் தம்மைத் தூண்டின என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். மௌலானா ஆசாதோ பள்ளிக்கூட வாசலையே மிதித்தவரல்லர். கல்கத்தாவில் தந்தையிடமும், வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடமும் அரபியும் ஃபார்ஸியும் ஃபிக்ஹும் கற்றவர். நம்முடைய மத்ரஸாக் கல்விதான் அவருடைய கல்வி. அத்தகையவர் சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரானார்.

1948 நவம்பரில் மத்திய அரசு பல்கலைக்கழகக் கல்விக் குழுவை அமைத்தபோது, அதன் தலைமைப் பொறுப்பு திருத்தணியில் பிறந்தவரிடம் வந்தது. பத்துப் பேர் கொண்ட அக்குழுவில் டாக்டர் ஜாகிர் ஹுசைனும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் இருந்தனர். குழுவினரில் இருவர் பிற்காலத்தில் அடுத்தடுத்து நாட்டின் குடியரசுத் தலைவர்களானார்கள் என்பது நினைக்கத்தக்கது.

அவர்கள் 1949 ஆகஸ்டில் அறிக்கை தந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். பிரிவினையின் இரத்தம் உலரவில்லை. அரசியல் சட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்று முடிவாகியிருந்தது. ஆனால் 1951 கணக்கெடுப்பின்படி, எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர்தாம். வேட்பாளரின் பெயரைப் படிக்கத் தெரியாதவர்களுக்காகவே சின்னங்கள் வந்தன. இத்தகைய நாட்டில் கல்வி எதற்கு என்ற கேள்விக்கு, உத்தியோகத்திற்கு என்று மட்டும் பதில் சொல்ல அக்குழு மறுத்தது. தானே சிந்திக்கும் மனிதர்கள் இல்லாத இடத்தில் மக்களாட்சி நிலைக்காது. ஆகவே நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைக் கல்வி வளர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. சமயக் கல்வியைப் பற்றியும் அது தனி அத்தியாயமே எழுதியது. பட்டப் படிப்பின் முதல் ஆண்டில் எல்லா மாணவரும் புத்தர், ஈஸா (அலை), நம் பெருமானார் (ஸல்), சங்கரர், கபீர், நானக், காந்தியடிகள் முதலியோரின் வரலாறுகளைப் படிக்கட்டும் என்றது. நான் கலைக் கல்லூரியில் மூன்றாண்டுகள் படித்தேன். அப்படி ஒரு பாடத்தை நான் காணவில்லை.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று எங்களூரில் மாலைகள் போடப்படுகின்றன. மாலை போடுவது எளிது. அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு மாலையின் நினைவு வரவில்லை. என் கையிலிருந்த பிரம்பின் நினைவுதான் வந்தது.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே என்னிடம் ஓத வரும் பிள்ளைகள் நாற்பதுக்குக் குறையார். பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டில் உருது, ரிஹாலின் முன் அரபி என்று நான்கு மொழிகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். (1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் எல்லை இன்னும் கோடாக விழவில்லை.) பல ஆண்டுகளாக நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றே: நான் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கேள்வி கேட்ட பிள்ளைக்கு, “முதலில் சபக்கை ஒப்பி, பிறகு பேசு” என்பதே பதில். அந்தப் ‘பிறகு’ வந்ததேயில்லை.

திருமறையை ஓதுவதில் மனனம் இன்றியமையாதது. அதில் எனக்கு ஐயமில்லை. ஒரு எழுத்தின் உச்சரிப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்த முடியாது. ஆனால் மனனத்தையே கல்வி முழுவதும் என்று எண்ணிக்கொண்டது நம் முன்னோர் வழியா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபை எப்படி நடந்தது? ஒரு மஸ்அலா முன்வைக்கப்படும், மாணவர்கள் வாதிடுவார்கள். அவர்களின் தலைசிறந்த மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் எத்தனையோ சட்டங்களில் உஸ்தாதுக்கு மாறான முடிவு கண்டார்கள். அம்முடிவுகளும் ஹனஃபி நூல்களில் உஸ்தாதின் முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்), மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டவர். பிறகு தனி மத்ஹபையே கண்டவர். உஸ்தாதின் மீது கொண்ட மரியாதை அதனால் குறைந்ததா? மேலும், ஹதீஸ் கலையே ஒரு கேள்வியில் தொடங்குவதுதானே: இதை உனக்குச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார்? இன்று கைப்பேசியில் வரும் ஒவ்வொரு செய்தியையும் ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பும் நம் இளைஞர்கள், அந்தக் கலையின் வாரிசுகள் என்றால் யார் நம்புவார்?

மேலே சொன்ன ஜாகிர் ஹுசைன் சாஹிபின் வரலாற்றுக்கு இங்கே வருகிறேன். 1920இல் அலிகரில் தொடங்கிய ஜாமியா மில்லியா, 1925இல் டில்லிக்கு மாறியது. ஜெர்மனியில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1926இல் அதன் பொறுப்பை ஏற்றார். பணமில்லை. மூடிவிடலாம் என்ற பேச்சு. அவரும் உடனிருந்த ஆசிரியர்களும் இருபது ஆண்டுகள் பணியாற்றுவோம், மாதச் சம்பளம் 150 ரூபாய்க்கு மேல் பெறமாட்டோம் என்று உறுதி பூண்டனர். 1935இல் ஓக்லாவில் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்ட அவர்கள் எந்த நவாபையும் அழைக்கவில்லை. பள்ளியின் மிகச் சிறிய மாணவனை நாட்டச் செய்தார்கள். அந்தத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளே ஒரு வங்கி நடத்தினார்கள், கடை நடத்தினார்கள். ‘பிள்ளைகளின் ஹுகூமத்’ என்று ஓர் அமைப்பும் இருந்தது. பிளாட்டோவின் ‘குடியரசு’ நூலை உருதுவில் பெயர்த்தவர் ஜாகிர் சாஹிப். ஆள்வதற்குத் தேர்ந்த சிலரே தகுதியானவர்கள் என்று சொல்லும் நூல் அது. அதைப் பெயர்த்தவரின் பள்ளியில் பத்து வயதுச் சிறுவர்கள் ஆட்சி நடத்திப் பழகினார்கள்!

இதைப் படித்த ஆர்வத்தில் சென்ற ஆண்டு நானும் ஒரு தேர்தல் வைத்தேன். வகுப்புக்கு ஒரு தலைவர். பாய் விரிப்பது, ஹவுளில் தண்ணீர் பார்ப்பது, சிறு பிள்ளைகளைச் சாலை கடத்தி விடுவது அவர் பொறுப்பு. காலணிப் பெட்டி ஓட்டுப் பெட்டியாயிற்று.

முடிவைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வென்ற சிறுவன் முதல் நாளே மிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தான். தோற்றவனின் ஓட்டெல்லாம் அவன் தெருப் பிள்ளைகளின் ஓட்டு. பெரியவர்களைப் பார்த்து அவர்கள் எதைக் கற்றார்களோ, அதை ஒரு பிழையுமின்றி ஒப்பித்துவிட்டார்கள். மறுநாள் ஒரு தகப்பனார் வந்து, “ஹஜ்ரத், ஓத அனுப்பினோமா, அரசியல் படிக்க அனுப்பினோமா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. நிறுத்திவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, மிட்டாய் வாங்கியவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பிரம்பை அலமாரியின் மேல் வைத்துவிட்டுத்தான் கேட்டேன். முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு ஒரு கை, பிறகு பல கைகள். “மிட்டாய் நேற்றே தீர்ந்துவிட்டது, பாயை யார் விரிக்கிறார்கள்?” என்றேன். வென்றவன் ஒருநாளும் விரிக்கவில்லை என்று ஒரே கூச்சல். அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்டபோது, அவர்களே ஒரு மணி நேரம் வாதிட்டு, மாதம் ஒரு முறை தேர்தல், வேலை செய்யாதவர் அடுத்த மாதம் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அன்று சபக் நடக்கவில்லை. என் இருபதாண்டு அனுபவத்தில், பிள்ளைகள் ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

அன்று கலைந்து செல்லும்போது, கடைசிப் பாயில் உட்காரும் ஒன்பது வயதுச் சிறுமி தயங்கி நின்றாள். “ஹஜ்ரத், பாய் விரிக்கிறதும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறதும் தினமும் நாங்கள்தானே? பெட்டியில் பையன் பேர் மட்டும் ஏன் போடுகிறோம்?”

அப்படி ஒரு விதியை நான் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. எல்லாரும் எப்படியோ அதைக் கற்றிருந்தார்கள், நான் உட்பட. “முதலில் சபக்கை ஒப்பி” என்ற பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “இதை நாளைக்கு வட்டத்தில் நீயே கேள்” என்றேன்.

மறுநாள் அவள் கேட்டாள். அடுத்த மாதச் சீட்டுகளில் மூன்று பெண் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அவள் ஆறு ஓட்டில் தோற்றாள். இந்த மாதமும் நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.