முகம் என்ன கையிலா இருக்கிறது?

ஃபவுண்டேஷனைப் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, ஏசி அறையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு "தினமும் போட சூப்பர்" என்று மார்க் போடுகிறார்கள். என்ன கொடுமை இது! தாடை ஓரத்தில் பூசி, வெயிலில் நின்று, பஸ்ஸில் கசங்கி, சாயங்காலம் கண்ணாடியைப் பார்த்தால்தானே வண்டவாளம் தெரியும்? காலையில் பொருந்திய நிறம், எண்ணெய் வழிந்ததும் ஒரு படி கறுத்திருக்கும். ப்ளஷ் கதை இன்னும் மோசம்... டைட்டானியம் டையாக்சைடு தூக்கலான வெளிர் பிங்க், கறுத்த கன்னத்தில் விபூதி மாதிரி நிற்கும் :)

கேட்டால், "அடர்நிறத்துக்கு டிமாண்ட் இல்லை" என்று பழைய பல்லவி. 2017-ல் ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு வந்தபோது, அடர்நிறங்கள் பல கடைகளில் விற்றுத் தீர்ந்தன. கடையில் வைக்காத சரக்குக்கு டிமாண்ட் எப்படித் தெரியுமாம்? எந்த ஷேடு இல்லை என்பதையும் விமர்சனத்தில் எழுதுங்க மக்களே!