பொய் சொல்லாத குமிழ்

சீக்குவென்சர் என்பது சுரங்களை வரிசைப்படுத்தி, மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி. அதை வாங்க எண்ணுவோர் விலையை விசாரிக்கிறார்கள். தடங்களின் எண்ணிக்கையை விசாரிக்கிறார்கள். விரல் தொடும் குமிழ் எவ்வகையானது என்பதைக் கேட்போர் குறைவு. ஆனால், மேடையில் இசைஞனைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அக்குமிழ்தான்.

குமிழ்களில் இரு சாதிகள் உண்டு. பொட்டன்சியோமீற்றர் பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழ் போன்றது. ஏறத்தாழ 300 பாகை சுழன்று, இரு முனைகளிலும் நின்றுவிடும். அதன் கோடு எங்கே நிற்கிறதோ அதுவே பெறுமானம். என்கோடருக்கோ தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பினீர்கள் என்பதை மட்டுமே அது கருவிக்கு அறிவிக்கும்.

1960களில் வந்த மூக் 960 சீக்குவென்சரில் எட்டுப் படிகளுக்கு மூன்று வரிசைகளாக 24 குமிழ்கள் இருந்தன. 2015இல் கோர்க் வெளியிட்ட எஸ்கியூ-1இல் 16 குமிழ்கள். இரண்டிலும் இருப்பவை பொட்டன்சியோமீற்றர்களே. ஒரு குமிழுக்கு ஒரு வேலை. மெட்டு முழுவதும் கண்முன்னே விரிந்து கிடக்கும்.

சிக்கல் நினைவகத்தோடு வருகிறது. சேமித்து வைத்த வேறொரு கோலத்தை அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெறுமானம் 40; குமிழோ பழையபடி 100இல் நிற்கிறது. தொட்ட மாத்திரத்தில் ஒலி 40இலிருந்து 100க்குத் தாவும். சபையோர் முன்னிலையில் அந்தத் தாவலுக்கு மன்னிப்பில்லை. இதைத் தவிர்ப்பதற்காக, பழைய பெறுமானத்தைக் கடக்கும்வரை குமிழைச் செயலற்று வைக்கும் முறையும் உண்டு. அப்போது திருப்பியும் ஒன்றும் நடப்பதில்லை. முன்னது பொய், பின்னது மௌனம்.

எலெக்ட்ரான் நிறுவனம் 2017இல் வெளியிட்ட டிஜிடாக்ட், ஒரு திட்டத்தில் 128 கோலங்களைச் சேமிக்கும். அதில் எட்டு என்கோடர்கள் பக்கத்துக்குப் பக்கம் வேலை மாற்றிக்கொள்கின்றன. அங்கே பொட்டன்சியோமீற்றரை வைத்திருந்தால் குழப்பமே மிஞ்சும்.

என்கோடருக்கும் விலை உண்டு. பெறுமானத்தை அறியத் திரையையோ விளக்கு வளையத்தையோ பார்த்தாக வேண்டும். சுற்றுக்கு 24 படிகள் தரும் என்கோடரில், படிக்கு ஒன்றாக 0இலிருந்து 127 வரை செல்ல ஐந்து சுற்றுக்கு மேல் வேண்டும். வேகமாகத் திருப்பினால் வேகமாக ஏறும்படி செய்கிறார்கள். ஆனால் அப்போது கை பழகிய அளவு பிழைக்கிறது. ஒரே அசைவில் ஒலியை அடியிலிருந்து உச்சிக்குக் கொண்டுசெல்லும் இன்பம் பொட்டன்சியோமீற்றருக்கே உரியது.

தேய்மானத்தைக் காட்டி ஒன்றை உயர்த்துவது பொருந்தாது. பொட்டன்சியோமீற்றரின் கரித்தடத்தில் தூசு படிந்தால் கரகரக்கும். என்கோடரின் தொடுமுனைகள் தேய்ந்தால் எண்கள் முன்னும் பின்னும் துள்ளும். இரண்டும் அழியும் பொருள்களே.

ஆகவே, எது உயர்ந்தது என்ற வாதம் வீண் என்பேன். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் குமிழுக்கு எத்தனை வேலைகள்? ஒன்றே எனில் பொட்டன்சியோமீற்றர். பல எனில் என்கோடர். பல வேலைகளைச் சுமக்கும் குமிழுக்குச் செலவைக் குறைக்கப் பொட்டன்சியோமீற்றரைப் பொருத்தியிருந்தால், அக்கருவியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் காதுக்கு வேறொன்றும் சொல்லும் கருவியை நம்பி எவரும் மேடையேறக் கூடாது.